தீயணைப்பு வீரர்களின் மனநலம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் வரும்போது தீயணைப்பு நிலையங்களில் பேசக் கூப்பிடுவார்கள். பேசும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். முடித்துவிட்டு வண்டியை எடுக்கப் போகும்போதுதான் ஒருவர் பின்னாலேயே வந்து, "என் ஃப்ரெண்டு ஒருத்தனுக்கு சார்..." என்று ஆரம்பிப்பார். அப்படிக் கேட்டவை, வீட்டுப் பெண்கள் கேட்டவை, நிலைய அலுவலர்கள் போனில் கேட்டவை எல்லாம் இங்கே இருக்கின்றன. கேள்விகளைக் கேட்டவர் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

இப்போதே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் மீதியைப் பிறகு படியுங்கள். அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

நாங்க பார்க்காத பிணமா சார்? இதுக்கெல்லாம் ஒரு வகுப்பா?

பார்த்திருக்கிறீர்கள், அதனால்தான் வகுப்பு. ஹோஸ் பிடிக்கவும், கயிறு கட்டவும், உடலைத் துணியில் சுற்றித் தூக்கவும் கை பழகிவிடும். மனசு அதே வேகத்தில் பழகுவதில்லை. கோரமான சம்பவங்களை அதிகம் சந்திக்கச் சந்திக்கப் பாதிப்புக்கான வாய்ப்பும் கூடுகிறது என்றுதான் பல நாட்டுத் தீயணைப்பு வீரர்களிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன.

2004-இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். 2019-இல் நடுக்காட்டுப்பட்டியில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தைக்காகத் தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. அந்த மாதிரி சம்பவத்துக்குப் பிறகு "எப்படி இருக்கீங்க" என்று கேட்கவாவது நாலு பேர் வருவார்கள். ஆனால் என்னிடம் வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் வேறு கதை. தோட்டத்துக் கிணற்றில் பள்ளிக்கூடப் பையன் விழுந்துவிட்டான், பாதாளக் கரண்டி (கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கும் கொக்கி) போட்டு எடுத்தார்கள், மறுநாள் பேப்பரில் நாலு வரி. உடலை ஒப்படைத்து நிலையத்துக்குத் திரும்புவதற்குள் வீட்டுக்குள் பாம்பு என்று அடுத்த அழைப்பு. பையனைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. பேர் தெரியாத இந்த அழைப்புகள்தான் சேர்ந்து கனக்கின்றன.

சம்பவம் முடிஞ்சு மூணு நாளா தூக்கம் இல்ல. எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?

அநேகமாக இல்லை. ஆபத்தில் உடம்பு எச்சரிக்கை நிலைக்குப் போகிறது: இதயம் வேகமாக அடிக்கும், காது கூர்மையாகும், பசி அடங்கும். அழைப்பு முடிந்ததும் அந்த நிலை உடனே இறங்கிவிடாது. பார்த்த காட்சி தானாக வந்து நிற்பது, சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுவது, பிள்ளைகள்மேல் எரிந்து விழுவது, காரணமில்லாமல் அழுகை வருவது, எதுவுமே உறைக்காமல் மரத்துப்போவது எல்லாம் முதல் வாரங்களில் சகஜம். பெரும்பாலானவர்களுக்கு மருந்து மாத்திரை இல்லாமலே இவை குறைந்துவிடும்.

அதுவரை வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள், வீட்டு மனிதர்களோடு இருங்கள், நடந்துவிட்டு வாருங்கள். அந்தச் சம்பவத்தை யாரோ எடுத்த வீடியோ வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கும். அதைத் திரும்பத் திரும்பப் பார்க்காதீர்கள்.

அப்போ எவ்வளவு நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

ஒரு மாதம். அதைத் தாண்டியும் காட்சிகள் வருகின்றன, கெட்ட கனவு நிற்கவில்லை, அந்தத் தெருப் பக்கமே போகாமல் சுற்றிப் போகிறீர்கள், எப்போதும் எதையோ எதிர்பார்த்து விறைப்பாகவே இருக்கிறீர்கள், வேலையும் வீடும் இதனால் கெடுகிறது என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். இதைப் பிடிஎஸ்டி என்பார்கள், தமிழில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு. எல்லோருக்கும் இதேதான் வரும் என்றில்லை. சிலருக்கு மனச்சோர்வாக வரும், சிலருக்குக் குடியாக, சிலருக்கு டாக்டருக்குப் பிடிபடாத நெஞ்சுவலியாக.

மூன்று விஷயங்களில் ஒரு மாதக் கணக்குப் பார்க்கக் கூடாது. சாக வேண்டும் என்ற நினைப்பு, தினம் குடித்தால்தான் தூக்கம் என்ற நிலை, டூட்டியில் கை கால் ஓடாமல் நின்றுவிடுவது. இவற்றுக்கு அன்றைக்கே உதவி தேட வேண்டும்.

நான் ஸ்பாட்டுக்கே போகல, வாட்ச்ரூம்ல போன் மட்டும்தான் எடுத்தேன். எனக்கு ஏன் இப்படி?

வண்டியில் போனவருக்குக் கண் முன்னால் செய்ய ஒரு வேலை இருந்தது. உங்களுக்குப் போனில் கேட்ட அலறல் மட்டும்தான், மீதியை மனசு தானாகப் படம் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் என்ன ஆனது என்றுகூடச் சிலருக்குத் தெரிய வராது.

சம்பவத்தில் நேரடியாகச் சிக்காவிட்டாலும், வேலையின் பொருட்டு அதன் கொடூர விவரங்களைத் திரும்பத் திரும்பச் சந்திப்பவருக்கும் பிடிஎஸ்டி வரலாம் என்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய் வரையறையிலேயே இருக்கிறது. உடல் பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளர்களை அது உதாரணமாகவே காட்டுகிறது. எனவே, "நீ ஏசி ரூம்லதானே உட்கார்ந்திருந்தே" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். (எந்த வாட்ச்ரூமில் ஏசி இருக்கிறது என்று அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.)

கறி வறுக்குற வாசனை வந்தா குமட்டுது. வீட்டுல சொல்லவும் முடியல.

தீக்காயச் சாவுகளைப் பார்த்தவர்கள் பலரும் இதைச் சொல்கிறார்கள். மூக்கில் ஏறும் வாசனை, பயத்தையும் ஞாபகத்தையும் கையாளும் மூளைப் பகுதிகளுக்கு மற்ற புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேர்கிறது. அதனால் யோசிக்கும் முன்பே உடம்பு அந்த இடத்துக்குப் போய்விடுகிறது. வாசனை மட்டும்தான் என்றில்லை. கிணற்றில் உடல் எடுத்த ஒருவர், வீட்டில் தண்ணீர் சேந்தும்போது வாளி நிறைந்து கயிறு 'வெடுக்'கென்று கனக்கும் அந்தக் கணத்தில் கை நடுங்கி விட்டுவிடுவதாகச் சொன்னார். பாதாளக் கரண்டியில் ஏதோ சிக்கியது தெரிந்ததும் அதே கனம்தான்.

அப்படி வரும்போது இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்பதை உடம்புக்குத் தெரிவியுங்கள். காலைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள், குளிர்ந்த தண்ணீரில் கையை நனையுங்கள், சுற்றி இருக்கும் ஐந்து பொருட்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். வீட்டில் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: "வேலையில பார்த்ததால இந்த வாசனை கொஞ்ச நாளைக்கு ஆகல." விவரம் வேண்டாம். சொல்லாவிட்டால் சமைத்தவர் தன் சமையல்தான் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கப்படுத்தி மீட்டெடுப்பது சிகிச்சையிலேயே ஒரு பகுதி. வாழ்நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டே போனால் ஒதுக்க வேண்டியவை கூடிக்கொண்டே போகும்.

ரெண்டு ரவுண்டு போட்டா தூக்கம் வருது சார். அதுல என்ன தப்பு?

வருவது உண்மை. பின்னிரவில் கலைவதும் உண்மை. மது சீக்கிரம் கண்ணை மூட வைக்கும், ஆனால் கனவு வரும் தூக்கப் பகுதியை முன்னிரவில் அமுக்கிவிடும். பார்த்ததை மூளை செரித்துக்கொள்ள அந்தப் பகுதி தேவை. போதை இறங்கியதும் தூக்கம் உடைந்து, படபடப்போடு விழிப்பு வரும். சில மாதத்தில் இரண்டு ரவுண்டு போதாது.

நான் யாருக்கும் உபதேசம் செய்வதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்: சந்தோஷத்துக்குக் குடிக்கிறீர்களா, மறக்கக் குடிக்கிறீர்களா? இரண்டாவது என்றால் குடியை மட்டும் நிறுத்தச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, அடியில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தவும் கூடாது. வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனை மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

24 மணி நேர டூட்டியில தூக்கத்தை எங்க சார் சரி பண்றது?

முழுசாகச் சரி பண்ண முடியாது, அது டூட்டி முறையின் பிரச்சினை. சேதத்தைக் குறைக்கலாம். டூட்டி முடிந்த காலையில் ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்துவிடுங்கள், சாயங்காலம் வரை தூங்கினால் அன்றைய இரவும் போய்விடும். மாலைக்குப் பிறகு டீ காபி வேண்டாம், குடித்து ஐந்து மணி நேரம் ஆனாலும் காஃபின் பாதிதான் இறங்கியிருக்கும். டூட்டி இரவில் அழைப்பு இல்லையென்றால் போனை நோண்டாமல் படுத்துவிடுங்கள்.

ஒரே கனவு திரும்பத் திரும்ப வருகிறதா? பகலில், நல்ல தெளிவோடு இருக்கும்போது, அந்தக் கனவை எழுதி முடிவை மட்டும் நீங்கள் விரும்பியபடி மாற்றுங்கள். மாற்றிய கனவைத் தினம் சில நிமிடம் மனசில் ஓட்டிப் பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் இது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை முறைதான். மிகக் கொடூரமான கனவுக்குத் தனியாகச் செய்யாமல் ஆலோசகரோடு செய்யுங்கள்.

"லேட்டா வந்தீங்க, அதான் செத்துட்டான்"னு ஜனங்க சொன்னது மண்டைக்குள்ளயே ஓடுது. ரெண்டு நிமிஷம் முன்னாடி போயிருந்தா?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகக் கனமானது இதுதான். கும்பல் கத்தும், நாலு பேர் செல்போனில் படம் எடுப்பார்கள், அப்போது பதில் பேச முடியாது. அந்தப் பேசாத பதில் பல மாதம் உள்ளே ஓடும். கூட்டத்துக்கு நேரம் தெரியாது. தீ பிடித்தபோதே அவர்கள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது, உங்கள் கடிகாரம் 101-க்கோ 112-க்கோ போன் வந்த பிறகுதான் ஓடியது. நடுவில் அக்கம்பக்கத்தார் வாளியோடு போராடிய நேரம், யாராவது போன் பண்ணியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்த நேரம் எல்லாம் உங்கள் கணக்கில் விழுகிறது.

அதனால் ஆறுதல் சொல்வதற்கு முன்பு நான் நேரத்தைத்தான் கேட்பேன். அழைப்பு எத்தனை மணிக்கு, வண்டி கிளம்பியது எப்போது, கேட்டைத் திறந்தது எப்போது? நிலையப் பதிவேட்டில் இருப்பதைக் காகிதத்தில் எழுதச் சொல்வேன். பக்கத்திலேயே இன்னொன்று: அந்த நிமிடத்தில் உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது? உள்ளே ஆள் இருப்பது தெரியுமா, படிக்கட்டு எந்தப் பக்கம் என்று தெரியுமா, புகையில் எத்தனை அடி தெரிந்தது? முடிவு தெரிந்த பிறகு எல்லாமே முன்னாலேயே தெரிந்ததுபோலத் தோன்றும். எழுதிப் பார்க்கும்போதுதான் அப்போது தெரிந்ததும் பிறகு தெரிந்ததும் பிரிந்து நிற்கும்.

விஷவாயு சூழ்ந்த கிணறு, கழிவுநீர்த் தொட்டி விஷயத்தில் இன்னொரு குற்ற உணர்வு உண்டு. சுவாசக் கருவி மாட்டும்வரை நின்றவரைப் பார்த்து, "உள்ள உயிர் போகுது, நீ பெல்ட் மாட்டிட்டு இருக்கே" என்று கத்துவார்கள். காப்பாற்றக் குதித்தவர்களும் அடுத்தடுத்துச் சாவது இந்த இடங்களில்தான். ஆக்சிஜன் இல்லாத இடத்தில் சில மூச்சிலேயே மயக்கம் வந்துவிடும். கருவி மாட்டிய அந்த நேரம் தாமதக் கணக்கில் சேராது. உண்மையிலேயே தவறு நடந்திருந்தாலும் அதை விசாரிக்கவும் திருத்தவும் முறை இருக்கிறது. நள்ளிரவில் உங்களை நீங்களே குறுக்கு விசாரணை செய்வதால் யாருக்கும் எதுவும் திரும்பி வராது.

சம்பவம் முடிஞ்சதும் எல்லாரையும் உட்கார வச்சு மனசு விட்டுப் பேசச் சொன்னா சரியாயிடுமா?

நல்ல எண்ணம்தான், ஆனால் கட்டாயப்படுத்தாதீர்கள். 1980-களில் அமெரிக்காவில், தீயணைப்புப் பணியில் இருந்த ஜெஃப்ரி மிட்செல் என்பவர் இப்படிக் குழுவாக உட்கார்ந்து பேசும் முறையை உருவாக்கினார். அது உலகம் முழுக்கப் பரவியது. பிறகு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சம்பவம் நடந்த சூட்டோடு ஒரே ஒரு முறை எல்லாவற்றையும் சொல்லவைப்பது பிடிஎஸ்டியைத் தடுப்பதாகத் தெரியவில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்திருந்தது.

இன்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது இதைவிட எளிது. உளவியல் முதலுதவி என்று பெயர். தண்ணீர் கொடு, சாப்பிட வை, வீட்டுக்குப் போன் போட்டுக் கொடு, பேசினால் கேள், பேசாவிட்டால் விடு. வண்டி எந்தப் பக்கம் நின்றது, பம்ப் ஏன் தாமதமானது என்ற தொழில்முறை ஆய்வு வேறு, அது அவசியம். அதையும் இதையும் ஒரே கூட்டத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

நிலைய அலுவலரா நான் என்ன செய்யணும்?

உங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும், அதுவே பெரிய கருவி. எப்போதும் கலாய்ப்பவன் அமைதியாகிவிட்டானா, அமைதியானவன் சண்டை போடுகிறானா, லீவு கூடுகிறதா, ஷேவ் செய்யாமல் வருகிறானா என்று பாருங்கள். தனியாகக் கூப்பிட்டு, "போன வாரக் கிணத்துக் கேஸ் எனக்கே ரெண்டு நாள் கண்ணுல நின்னுச்சு, உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். முதலில் நீங்கள் சொன்னால்தான் அவர் வாய் திறப்பார். தன் பிள்ளை வயதுக் குழந்தையின் உடலை எடுத்தவரை அடுத்த அதே மாதிரி அழைப்புக்கு முன்வரிசையில் அனுப்பாதீர்கள், முடிந்தவரை வேறு வேலை கொடுங்கள். தண்டனைபோலத் தெரியாமல் செய்வது உங்கள் சாமர்த்தியம்.

2001 செப்டம்பர் 11 அன்று 343 பேரை இழந்த நியூயார்க் தீயணைப்புத் துறையில், ஆலோசகர்களோடு பயிற்சி பெற்ற சக வீரர்களும் ஓய்வு பெற்றவர்களும் நிலையம் நிலையமாகப் போய் உட்கார்ந்தார்கள். சமையலறையில் டீ குடித்துக்கொண்டே பேசினார்கள். நம் ஊரிலும் ஒவ்வொரு மாவட்டத்திலும் அப்படி நாலு பேருக்குப் பயிற்சி கொடுத்தால் என் மாதிரி ஆள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து மைக் பிடிப்பதைவிட நூறு மடங்கு பயன்.

மனநல டாக்டர்கிட்ட போனா 'கீழ்ப்பாக்கம் கேஸ்'னு சொல்லிடுவாங்களே?

சொல்வார்கள். 1794-இல் தொடங்கிய மனநல ஆஸ்பத்திரி, அதன் பேர் அவ்வளவு சீக்கிரம் கிண்டலிலிருந்து போகாது. ஆனால் நீங்கள் கீழ்ப்பாக்கம் போக வேண்டிய அவசியமே இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. சீட்டு வாங்கி வரிசையில் நின்றால் பக்கத்தில் நிற்பவர் சர்க்கரைக்கு வந்தவராக இருப்பார்.

உள்ளே என்ன நடக்கும்? தூக்கம், பசி, குடி, வீடு, வேலை என்று கேட்பார்கள். சம்பவத்தை முதல் நாளே முழுசாகச் சொல்ல வேண்டியதில்லை. பிடிஎஸ்டிக்கு முதல் சிகிச்சை பேச்சு சிகிச்சைதான். அந்த நினைவைப் பாதுகாப்பான சூழலில் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைப்பார்கள். வாரம் ஒருமுறையாக எட்டிலிருந்து பன்னிரண்டு அமர்வுகள் ஆகலாம். டூட்டி நாளை முன்கூட்டியே சொல்லிவிட்டால் தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதாமே? வண்டி வேற ஓட்டணும்.

இரண்டு வகை மாத்திரைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வரும் பயம் இது. செர்ட்ராலின் போன்றவை மனச்சோர்வுக்கும் பிடிஎஸ்டிக்கும் கொடுப்பவை. போதை தராது, பலன் தெரியச் சில வாரம் ஆகும். சரியான பிறகும் பல மாதம் தொடர்ந்து, டாக்டர் சொல்லும்படி அளவைக் குறைத்து நிறுத்தலாம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகள் வேறு ரகம், அவை உண்மையிலேயே பழக்கமாகிவிடும். தெரிந்த மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவது அநேகமாக இந்த ரகம்தான். நிறுத்துங்கள் என்றுகூடச் சொல்ல மாட்டேன், டாக்டரிடம் காட்டிப் படிப்படியாக நிறுத்துங்கள்.

வண்டி ஓட்டுபவர், உயரத்தில் ஏறுபவர் என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். மயக்கம் தராத மருந்தாகவோ இரவு நேர மருந்தாகவோ பார்த்துக் கொடுப்பார். புது மாத்திரையின் முதல் சில நாட்களில் ஸ்டியரிங்கைத் தொட வேண்டாம்.

ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவுப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். பிறர் உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் அதிகாரி போன் பண்ணினார் என்பதற்காக டாக்டர் சொல்லிவிட முடியாது. பணிக்காலத்தில் ஊனம் ஏற்பட்டவரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யக் கூடாது, அந்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு சொல்கிறது. கடுமையான மனநோயும் அந்தச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவ விடுப்பு கேட்டால் சான்றிதழில் நோயின் பெயர் வரலாம். எப்படி எழுதுவார் என்று டாக்டரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நிலையத்தில் நாலு பேர் பேசுவதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஆனாலும் சிகிச்சைக்கு வந்து வேலையை இழந்தவரை நான் பார்த்ததில்லை, வராமல் குடியால் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தா பேசவே மாட்டேங்கிறார். கேட்டா கத்துறார். நான் என்ன பண்ணட்டும்?

"என்ன நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல அவர் மறுபடியும் அந்த இடத்துக்குப் போக வேண்டும். "இன்னிக்கு கஷ்டமான நாளா?" என்று கேட்டால் 'ஆமா' என்ற ஒரு சொல் போதும். டூட்டி முடிந்து வந்ததும் குளித்து, சாப்பிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருக்க விடுங்கள். கரண்ட் பில், மாமியார் விஷயமெல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளலாம். பிள்ளைகளிடம், "அப்பா வேலையில அலுத்துப்போய் இருக்கார், உன்மேல கோபம் இல்ல" என்று சொல்லிவையுங்கள்.

ஆனால் அடிப்பது, பொருளை உடைப்பது எல்லாம் 'பாவம், வேலைக் கஷ்டம்' என்று பொறுத்துப்போக வேண்டியவை இல்லை. பெண்கள் உதவி எண் 181. மேலே சொன்ன 14416-இல் உங்களுக்காகவும் பேசலாம், அவர் வந்தால்தான் உதவி என்று எதுவும் இல்லை.

கூட வேலை பார்க்கிறவன் "போய்ச் சேர்ந்துட்டா நிம்மதி"ங்கறான். விளையாட்டா சொல்றானா?

விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம். தனியாக அழைத்து நேராகவே கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருப்பதைச் சொல்ல ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும். 'ஆமாம்' என்றால் எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். யோசித்திருந்தால் அவரைத் தனியாக விடாதீர்கள், ஆபத்தான பொருள்களை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள், வீட்டாருக்குச் சொல்லுங்கள், அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கூடவே போங்கள். "யார்கிட்டயும் சொல்லாதே" என்று சத்தியம் வாங்கினாலும் இந்த ஒரு விஷயத்தில் மீறலாம். போன் உதவிக்கு 14416, அரசு சுகாதார உதவி எண் 104, சென்னையில் உள்ள தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை.

ரிட்டயர் ஆகி வருஷமாச்சு. இப்பதான் கனவுல எல்லாம் வருது. இதுக்கு மேல டாக்டர்கிட்ட போய் என்ன ஆகப்போகுது?

பணியில் இருந்தவரை அடுத்த அழைப்பு மணி இதையெல்லாம் அடக்கி வைத்திருந்தது. நேரம் கிடைத்ததும் மேலே வருகிறது. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்கு மேல் கழித்து முழு வடிவம் எடுக்கும் பிடிஎஸ்டியைத் தாமதமாக வெளிப்படுவது என்றே மருத்துவத்தில் வகைப்படுத்தியிருக்கிறார்கள். பல வருடம் கழித்து வந்தாலும் சிகிச்சை ஒன்றுதான், வயதானவர்களுக்கும் பலன் கிடைக்கிறது. ஆனால் ஞாபக மறதி, குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது சேர்ந்து வந்தால் நரம்பியல் பரிசோதனையும் தேவைப்படும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைச் சீட்டுகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.